மடிக்கணினியின் கோழித்தூக்கம்

உறங்குகின்றவனை எழுப்பிவிடலாம், உறங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப ஒருவராலும் ஆகாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். மனிதரை மனத்திற்கொண்டு அவர்கள் சொன்ன அம்மொழி, இன்று நம் வீடுகளிலே மேசைமேல் வீற்றிருக்கும் மடிக்கணினிக்கும் ஒருவாறு பொருந்திவிட்டது. மூடியை மடித்தவுடன் அது கண்ணயர்ந்துவிட்டதென்று நாம் நம்புகின்றோம். அதுவோ, கோழித்தூக்கம் தூங்கிக்கொண்டு, சிறு சலசலப்புக்கும் விழித்தெழக் காத்திருக்கின்றது. இந்த நடிப்பினால் விளையும் தீங்கு, அதனைப் பையினுள்ளே இட்டு இறுகப் பூட்டிய பின்னரே வெளிப்படும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் காவல் செய்ய, நடுவே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே அமைந்த ஊர் ஆரையம்பதி. காலை வேளையில் இங்கிருந்து நகர் நோக்கிச் செல்லும் பஸ் வண்டியில் ஏறி நின்று பார்த்தால், முன்னாளிலே புத்தகக் கட்டுகள் இருந்த கைகள் வெறுமையாகவும், முதுகுகளிலே கறுத்த பைகள் தொங்குவதாகவும் காணலாம். காத்தான்குடியையும் கல்லடிப் பாலத்தையும் கடந்து நகரை அடைந்து, அப்பால் ஏறாவூர், செங்கலடி ஊடாக வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணாக்கர் சிலர். கந்தோர்களுக்குச் செல்லும் எழுதுவினைஞர் சிலர். மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டதன் பின், படகுப் பாதைக்குக் காத்துநிற்கும் தொல்லை நீங்கி, மோட்டார் சைக்கிளிலேயே வாவியைக் கடந்து படுவான்கரைப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர்களும் உளர். இவர்களிற் பலருடைய பைகளில் மடிக்கணினி ஒன்று இருக்கும்.

அப்பொருளின் பெறுமதியை ரூபாய்க் கணக்கில் மாத்திரம் அளந்துவிட முடியாது. மத்திய கிழக்கிலே வெயிலில் உழைக்கும் தந்தையோ, வேற்றார் வீட்டில் அடுப்படியிலே உழலும் தாயோ மாதந்தோறும் மிச்சம்பிடித்து அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டவை பல. தவணை முறையிலே கடன் செலுத்தப்பட்டு வருபவையும் பல. இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் ஆய்வேடு முழுவதும் அதனுள்ளேதான் இருக்கும். வீட்டை விட்டு இறங்கும்போது, “கணினியை நிறுத்திவிட்டாயா, மகள்?” என்று தந்தை கேட்பார். “மூடிவிட்டேன், அப்பா” என்று விடை வரும். கேட்டது ஒன்று, விடை வேறொன்று என்பதை இருவருமே கவனிப்பதில்லை.

நகரை அடைந்து பையைத் திறக்கும்போதுதான் புதுமை தெரியும். அப்பச் சட்டியைத் தொட்டாற்போல் கணினியின் அடிப்பாகம் சுடும். உள்ளே விசிறி இரைந்துகொண்டிருக்கும். முதனாள் இரவு முழுவதும் ஏற்றிய மின்சாரத்திலே பாதி போயிருக்கும். சில வேளைகளில் முழுவதுமே போய், பொத்தானை அழுத்தினாலும் திரை இருண்டே கிடக்கும். “பழுதான பொருளைத் தலையிலே கட்டிவிட்டான்” என்று கடைக்காரனைத் திட்டுவோர் பலர். பெரும்பாலும் கடைக்காரன்மேற் குற்றமில்லை. இயந்திரத்தை வகுத்தவர்கள் ‘உறக்கம்’ என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் கொடுத்துவிட்டார்கள் என்பதே உண்மை.

இது நேர்ந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1996ஆம் ஆண்டின் இறுதியிலே இன்ரெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி, கணினி ஓய்வெடுக்கும் முறைகளைப் படிப்படியாக வகுத்தன. அப்படிகளுக்கு ‘எஸ்’ என்னும் எழுத்தோடு எண்களைச் சேர்த்துப் பெயரிட்டனர். அவற்றுள் எஸ்-3 என்பது, நாம் நெடுங்காலமாக ‘சிலீப்’ என்று அறிந்திருந்த உறக்கம். இந்நிலையிலே கணினியின் மூளையாகிய செயலி நின்றுவிடும், விசிறி நின்றுவிடும், நாம் செய்துகொண்டிருந்த வேலையைத் தாங்கிநிற்கும் நினைவகத்துக்கு மாத்திரம் ஒரு சொட்டு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். எஸ்-4 என்பது ‘ஹைபனேற்’ எனப்படுவது. குளிர்நாட்டுப் பிராணிகள் சில மாரிகாலம் முழுவதும் உணவின்றிக் கிடந்து உறங்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. இந்நிலையிலே நினைவகத்தில் உள்ளன யாவும் வட்டிலே எழுதி வைக்கப்பட்டு, மின்சாரம் அறவே நிறுத்தப்படும். எஸ்-5 என்பது முற்றாக அணைத்தல்.

பழைய எஸ்-3 உறக்கம் நல்ல உறக்கம். அது குடிக்கும் மின்சாரம் பொதுவாக ஒரு வாற்றுக்கும் குறைவே. 50 வாற்று-மணி கொள்ளும் பற்றரியிலே அரை வாற்று வீதம் செலவானால் 100 மணி நேரம் நிற்கும். அவ்வளவு சிறு செலவினால் சூடு உண்டாவதில்லை. ஆதலின், அந்நாளைய கணினியை மூடிப் பையிலிட்டு, இரவுப் புகைவண்டியிலே கொழும்புவரை கொண்டுபோனாலும் கேடில்லை. ‘மூடினாற் போதும்’ என்ற பழக்கம் நம்மிடையே வேரூன்றியது அக்காலத்தில்தான்.

பின்னர்க் கைத்தொலைபேசிகள் வந்தன. அவை சட்டைப் பையிலே கிடந்தபடியே கடிதம் பெறுகின்றன, தொட்டவுடன் விழிக்கின்றன. மடிக்கணினி மாத்திரம் ஏன் சோம்பித் தூங்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. 2012ஆம் ஆண்டிலே விண்டோஸ் 8 வெளிவந்தபோது, இணையத் தொடர்பு அறாமல் ஓய்ந்திருக்கும் புதுவகை உறக்கம் ஒன்று புகுத்தப்பட்டது. 2015இல் விண்டோஸ் 10 உடன் அது ‘மொடேண் ஸ்ராண்ட்பை’ என்னும் பெயரோடு விரிவடைந்தது. இதற்குரிய எண் எஸ்-0. அதாவது விழிப்பு நிலையின் எண்ணேதான். அப்பிள் நிறுவனமும் 2012இலேயே, உறங்கும்போது கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும் வசதியைத் தன் கணினிகளிற் சேர்த்தது. 2020ஆம் ஆண்டளவிலிருந்து வெளிவந்த விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பழைய எஸ்-3 அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. வேண்டுமென்றாலும் அதனைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

ஆகவே, இன்றைய கணினி மூடிய பின்னும் செயலி அரைக்கண் திறந்தே இருக்கிறது. எல்லாம் செம்மையாக நடந்தால் இதனாலும் துன்பமில்லை. மிகக் குறைந்த மின்சாரத்தோடு அது அடங்கியிருக்கும். ஆனால், அடங்காமற் செய்யும் காரணங்கள் பல. புதிய மென்பொருளைப் பதிவிறக்க அது எழலாம். கம்பியில்லாச் சுட்டெலியின் சிறு ஏற்பி பக்கத்திலே செருகியபடி இருக்க, சுட்டெலியும் அதே பையிற் கிடந்து உருண்டால், ஒவ்வொரு குலுக்கலும் “எழுந்திரு” என்னும் அழைப்பாக மாறலாம். ஏதோ ஒரு செயலி நிரல் விடாப்பிடியாக நின்று உறக்கத்தைக் கலைக்கலாம். இன்னொன்றும் உண்டு. சார்ஜர் இணைந்திருக்கும்போதே மூடியை மடித்து, பிறகு சார்ஜரைக் கழற்றிப் பையிற் போடுவது நம்மிற் பெரும்பாலோர் வழக்கம். சில கணினிகள், மின்னிணைப்பு அற்றுப்போனதை உணராமல் தாராளமாகவே உழைத்துக்கொண்டிருப்பதைத் தொழினுட்ப எழுத்தாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். முதலில் கழற்றி, பிறகு மூடுதல் நன்று. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மேசைமேல் இருக்கும்போது கணினி விழித்தால், அடியிலுள்ள துளைகளால் குளிர்ந்த காற்று புக, விசிறி வெப்பத்தை வெளியே தள்ளிவிடும். பையினுள் விழித்தால் அந்தச் சுவாசம் இல்லை. வாழையிலையிற் கட்டிய சோற்றுப் பொதியைத் துணியாற் சுற்றி வைத்தால் நண்பகல் வரை சூடு ஆறாதிருப்பதை அறிவோமன்றோ? மடிக்கணினிப் பையின் பஞ்சுறை செய்வதும் அதுவே. அடிபடாமற் காக்கும் அந்த மெத்தை, வெப்பம் போகாமலும் காக்கிறது. வேலை ஏதுமின்றி விழித்திருக்கும் மடிக்கணினி 5 முதல் 10 வாற்று வரை உண்ணும். வேலை செய்தால் இன்னும் பன்மடங்கு. கோழிக்குஞ்சுகளுக்குக் கணகணப்புக் கொடுக்கப் பழைய மின்குமிழைப் பெட்டிக்குள் எரியவிடுவோர், சில வாற்றுகள் மூடிய இடத்திலே செய்யும் வேலையை நன்கறிவர்.

செயலி பெரும்பாலும் தன்னைத்தான் காத்துக்கொள்ளும். வெப்பம் 100 பாகை செல்சியசை நெருங்கினால் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்குமேல் அடியோடு நின்றுவிடும். இரக்கத்துக்குரியது பற்றரியே. இலிதியம் அயன் பற்றரி 1991ஆம் ஆண்டிலே சோனி நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த விஞ்ஞானிகள் மூவர் 2019இல் நோபெற் பரிசு பெற்றனர். பரிசு பெற்ற பண்டமாயினும் வெயில் அதற்கு ஆகாது. 45 பாகைக்கு மேற்பட்டால் மின்னேற்றம் செய்தல் கூடாது. 60 பாகைக்கு மேற்பட்டால் பயன்படுத்தலே கூடாது என்பது பொதுவாகக் கூறப்படும் எல்லை. முழுவதும் மின்னேற்றிய பற்றரியை 40 பாகை வெப்பத்திலே ஓராண்டு வைத்தால் அதன் கொள்ளளவிலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மீளாமற் போய்விடும் என்பது பற்றரி அறிந்தோர் கூறும் கணக்கு. ஒருநாட் சூட்டில் ஒன்றும் தெரியாது. நாடோறும் அரைமணி நேரம் பைக்குள் வெந்தால், இரண்டாண்டிலே “முன்போல் நிற்பதில்லை” என்ற முறைப்பாடு கேட்கும்.

தீப்பற்றும் என்று சொல்லி வாசகரை அச்சுறுத்த விரும்பவில்லை. அது மிக அரிது. பெரும்பாலும் பற்றரியிலே முன்னமே குறையிருந்தால் நேர்வது. 2006ஆம் ஆண்டிலே டெல் நிறுவனம் 41 இலட்சம் பற்றரிகளைத் திருப்பிப் பெற்றது. 2019இல் அப்பிள் நிறுவனமும் ஒருவகைக் கணினியின் பற்றரிகளைத் திருப்பிப் பெற்றது. அவையெல்லாம் உற்பத்திக் குறைகள் பற்றியவை. ஆனால், குறையுள்ள பற்றரிக்கும் குறையற்ற பற்றரிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லாதபடியால், இரண்டையும் வேகவிடாதிருத்தலே தக்கது. தன் புதுக்கணினிகள் சிலவற்றுக்கான குறிப்பிலே, உறக்கநிலையில் பையினுள் வைத்தல் ஆகாது, வைத்ததனால் விளையும் கேட்டுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற பொருள்பட டெல் நிறுவனமே எழுதியிருக்கிறது. உறக்கத்தைப் புகுத்தியவர் ஒருவர், பழியைச் சுமப்பவர் வேறொருவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

நமது பகுதியிலே இத்தீங்கு இருமடங்காவதற்குக் காரணமுண்டு. சுற்றாடலின் வெப்பம் 35 பாகைக்கு மேற்படாத இடத்திலேயே தன் மடிக்கணினிகளைப் பயன்படுத்தவேண்டும் என்கிறது அப்பிள் நிறுவனம். கச்சான் காற்று வீசும் மாதங்களிலே, நண்பகலில் எழுவான்கரைத் தெருவில் நிற்பவருக்கு அந்த எல்லை எவ்வளவு அண்மையில் உள்ளதென்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதற்குமேல் நம் பயண வழக்கங்கள் வேறு. சன நெருக்கடியுள்ள பஸ்ஸிலே, சாரதிக்கு அருகேயுள்ள என்ஜின் மூடிமீது பைகளை அடுக்குவது வழக்கம். நிற்பவருடைய சுமையை வாங்கி வைக்கும் நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான். ஆயினும், அடியிலிருந்து என்ஜினும் உள்ளிருந்து செயலியும் சுட, அந்தக் கணினி இருபக்கமும் நெருப்பிட்ட அப்பம் போலாகிறது. ஸ்கூட்டரின் ஆசனத்துக்குக் கீழேயுள்ள பெட்டியும் அத்தகையதே. முச்சக்கர வண்டியிலே பின்னாசனத்துக்குப் பின்புறமுள்ள இடம், என்ஜினின் அயல் என்பதை மறத்தலாகாது. பையை மடியிலே வைத்துக்கொள்வதே மேல். மடிக்கணினி என்ற பெயரும் அப்போது பொருத்தமாகும்!

இனி, செய்யத்தக்கது யாது? பையில் இடுமுன் கணினியை உறங்கவிடாமல், ‘ஹைபனேற்’ நிலைக்கு அனுப்புதல் அல்லது முற்றாக அணைத்தல். இவ்விரண்டனுள் ஹைபனேற் நிலையையே நான் விரும்புவேன். திறந்திருந்த கட்டுரை, விரித்திருந்த பக்கம், பாதியில் நின்ற கணக்கு யாவும் வட்டிலே எழுதப்பட்டு, மீண்டும் திறக்கும்போது விட்ட இடத்திலேயே காட்சி தரும். மின்செலவு இல்லை, ஆகையாற் சூடும் இல்லை. பழைய உறக்கத்திற்கூட இல்லாத நன்மை ஒன்று இதில் உண்டு. உறக்கநிலையிலே பற்றரி தீர்ந்துபோனால், சேமிக்காத எழுத்து நினைவகத்தோடு மறைந்துபோகும். ஹைபனேற் நிலையிலே பற்றரி தீர்ந்தாலும் எழுத்து பிழைக்கும். 2022ஆம் ஆண்டின் மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்த நாட்களில் கணினியோடு மல்லாடியவர்கள் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

விண்டோஸ் கணினிகளிலே இந்த ஹைபனேற் பெரும்பாலும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘கொன்ட்ரோல் பனல்’ என்னும் பகுதியிலே ‘பவர் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்தால், மூடியை மடிக்கும்போது கணினி என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் இடமொன்று இடப்பக்கத்தில் உண்டு. பற்றரியில் இயங்கும்போது, சார்ஜரில் இயங்கும்போது என இரு விடைகள் கேட்கப்படும். முதலாவதற்கேனும் ‘ஹைபனேற்’ என்று விடையளித்துச் சேமித்துவிட்டால், அன்றுமுதல் மூடியை மடிப்பதே போதுமானதாகிவிடும். மூடியின் ஓரத்திலே ஒளிந்திருக்கும் சிறு காந்தம் மடிந்ததை அறிவிக்க, எஞ்சியதைக் கணினி பார்த்துக்கொள்ளும். வீட்டிலே தந்தை தாயருக்கு இது விளங்காவிடின், பிள்ளைகளைக்கொண்டு ஒருமுறை செய்துகொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. தங்கள் கணினியில் பழைய எஸ்-3 இருக்கிறதா என்றறிய விரும்புவோர், கணினி பழுதுபார்ப்பவரிடம் கேட்டால், கட்டளைச் சாளரத்திலே ஒரு வரி தட்டிப் பார்த்து உடனே சொல்லிவிடுவார். இருக்கிறதென்றால் அவர் பாக்கியசாலி.

‘நாடோறும் இவ்வாறு எழுதினால் வட்டுத் தேய்ந்துவிடாதா?’ என்று இளைஞர் சிலர் வினவுவர். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வட்டுக்கு எழுதும் ஆயுள் ஓர் எல்லைக்குட்பட்டது என்பது மெய்யே. ஆயினும் அவ்வெல்லை மிகப் பெரிது. நாளொன்றுக்கு ஒருமுறை இருமுறை எழுதுவதால் அது குறுகுமுன் கணினியே பழம்பொருளாகிவிடும். சுழலும் தட்டுடைய பழைய ‘ஹாட் டிஸ்க்’ வைத்திருப்போருக்கோ இதைவிடப் பெரிய கவலை வேண்டும். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் அத்தட்டின்மேல், மயிரிழையினும் மெல்லிய இடைவெளியிலே வாசிப்பு முனை மிதக்கிறது. குழியிலே பஸ் துள்ளும் வேளையில் கணினி பைக்குள் விழித்துக்கொண்டால், முனை தட்டிலே உரசி, ஆய்வேடும் புகைப்படங்களும் ஒருங்கே அழியக்கூடும். பழைய கணினியைக் கைமாற்றி வாங்கியிருப்போர் இதனை முக்கியமாகக் கருதவேண்டும்.

பொத்தானை அழுத்தியவுடன் பையில் திணித்தலும் நன்றன்று. எழுதி முடிக்கச் சில விநாடிகள் செல்லும். விளக்கு அணைந்து விசிறியின் ஓசை அடங்கும்வரை, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாற் போதும்.

இவ்வளவு சொல்லியும், ஒருநாள் பையைத் திறக்கும்போது கணினி கொதித்துக்கொண்டிருந்தால், பதறிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். ஈரம் உள்ளே படிந்து வேறு கேட்டை உண்டாக்கும். சார்ஜரை இணைக்காமல், மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, நிழலிலே மூடியைத் திறந்து வைத்தால் தானே ஆறும். ஆறிய பின்னர் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு கால்களும் சமமாக ஊன்றாமல் ஆடினாலோ, விரல் தடவும் பலகை மேலெழுந்திருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது என்று அறிக. அதனை அழுத்தவோ, குத்தவோ, மின்னேற்றவோ கூடாது. குப்பையிலே எறிதலும் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். புகையோ சீறலோ கண்டால் ஆட்களை அப்புறப்படுத்துவதே முதற்கடமை. அத்தீயைத் தணிக்கத் தண்ணீரே தக்கது, ஏராளமாக ஊற்றவேண்டும்.

வெளிநாடு செல்வோர்க்கு ஒரு செய்தி. விமானத்திலே மடிக்கணினியைக் கையோடு கொண்டுசெல்வதே முறை; 100 வாற்று-மணிக்கு மேற்படாத பற்றரியுள்ளவற்றுக்குத் தடையில்லை, நாம் வாங்கும் மடிக்கணினிகள் ஏறக்குறைய யாவும் அதற்குட்பட்டவையே. அனுப்பும் பெட்டியினுள் வைத்தே தீரவேண்டுமாயின், அடிபடாமலும் தற்செயலாக இயங்காமலும் பொதிந்து, முற்றாக அணைத்திருத்தல் வேண்டும் என்பது உலக விமான நிறுவனங்களின் விதி. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே துபாய் அருகே சரக்கு விமானம் ஒன்று, ஏற்றிச் சென்ற இலிதியம் பற்றரிகளோடு தீப்பற்றி வீழ்ந்து, விமானிகள் இருவரும் மாண்டனர். இத்தகைய தீயை அவர்கள் எவ்வளவு கருத்தாக நோக்குகின்றனர் என்பதற்கு அவ்விபத்து ஒரு காரணம். அவ்விதியிலே உறக்கநிலை ஏற்கப்படுவதில்லை. நான் மேலே புகழ்ந்த ஹைபனேற் நிலையும் ஏற்கப்படுவதில்லை. ஆகவே, கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் இரவிலே, பெட்டிக்குக் கயிறு கட்டுமுன், கணினியைத் திறந்து ‘ஷட் டவுன்’ கொடுத்து, திரை இருண்டதைக் கண்ணாற் கண்ட பிறகே மூடவேண்டும்.